கோட்டைக்குத் தண்ணீர் தூக்கியது யார்?

அண்ணி,

காலையில் துவைத்துப் போட்ட வெள்ளைத் துணி கொடியில் இன்னும் ஈரமாகத்தான் கிடக்கிறது. பதுளையில் இப்போது வெயில் எட்டிப் பார்த்தால் மழையும் கூடவே எட்டிப் பார்க்கிறது. சவர்க்காரம் போட்டு எவ்வளவு கசக்கியும் துணியிலிருந்து மானாப்புல் வாசம் போகவில்லை. நடுவில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை வேறு.

"என்னம்மா இது, புதுத் துணி மாதிரி இருக்கு, அதுக்குள்ள இப்படி ஆக்கி வச்சிருக்கீங்க?" என்று மகள் கேட்டாள்.

"உங்க அத்தைக்கு வாங்கினது" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. வேறு எப்படிப் பார்ப்பாள்?

அந்தத் துணியை எதற்கு வாங்கினேன், கடைசியில் எதற்கு உதவியது என்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உயிரோடு இருந்த காலத்தில்தான் என்னை ஒரு பேச்சையும் முழுசாகப் பேச விட்டதில்லை. இப்போதாவது குறுக்கே விழாமல் இருங்கள்.

போன கிழமை அண்ணன் போன் பண்ணினார். உங்கள் புருஷனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, போன் எடுத்தால் முதலில் மழையைப் பற்றிப் பேசி, பிறகு முட்டுக்கால் வலியைப் பற்றிப் பேசி, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு மழையும் இல்லை, முட்டுக்காலும் இல்லை.

"தங்கச்சி, அவளத் தோண்டப் போறாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் வாயிலிருந்து வார்த்தையை வாங்கினேன். நம் தேயிலைத் தோட்டத்துக் கோட்டை மேட்டை ஆராய்ச்சி செய்ய வேனில் ஆட்கள் வந்திருக்கிறார்களாம். பழைய கோட்டையைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்களாம். மேட்டைச் சுற்றி முளைக்குச்சி அடித்து, சிவப்பாக ஏதோ கட்டியிருக்கிறார்களாம்.

"அவ படுத்திருக்கிற எடத்தச் சுத்தியும் கட்டியிருக்கு. லயத்து வீட்டு வாசல்ல நின்னு பாத்தாலே தெரியுது."

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"எனக்குக் காலுதான் இல்ல, கண்ணு இருக்கு" என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டார். நீங்கள் போன அன்றைக்குக்கூட அந்த மனுஷன் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் படுக்கவேண்டும் என்று அடம்பிடித்தது நீங்கள்தானே. தோட்டத்து இடுகாடு ஆற்றோரம். மழைக்காலத்தில் அங்கே குழி வெட்டினால் பாதிக்குத் தண்ணீர்தான். ஒவ்வொரு சாவுக்கும் போய்வந்து சேலைக் கரையிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டே சொல்வீர்கள்: "இந்த ஒடம்பு கொழுந்து மலையில நனைஞ்சது போதும். செத்த பெறகாவது காஞ்ச எடத்துல படுக்கணும். என்னைய மேல போட்டுருங்க." நாங்கள் சிரித்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே சொன்னபோது சிரிக்க முடியவில்லை. அண்ணன் தோட்டத்துத் தொரையிடம் போய் நின்றார். தேயிலை இல்லாத இடம்தானே என்று அவரும் தலையாட்டிவிட்டார். அப்படித்தான் கோட்டைச் சுவருக்குக் கீழே, வெயில் விழுகிற சரிவில், உங்களுக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தைத்தான் இப்போது பிடுங்கப் போகிறார்கள் என்றார் அண்ணன்.

"நீ வந்தீன்னா நாமளே மரியாதையா எடுத்துரலாம். அவங்க கடப்பாரையப் போட்டு..." என்று ஆரம்பித்தவரை முடிக்க விடவில்லை நான். எடுத்து எங்கே கொண்டுபோவது? ஆற்றோரத்துக்குத்தான். ஆயுசு முழுக்க நனைந்தவளைத் திரும்பவும் ஈரத்திலா போடுவது? ஆனாலும் கடப்பாரைக்கு உங்களை விட்டுவிட மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் பதுளை பஜாரில் துணிக்கடை திறக்கும்வரை வாசலிலேயே நின்றேன். வெள்ளைத் துணி கேட்டேன். கடைக்கார முஸ்லிம் நானா கட்டைப் பிரித்துக்கொண்டே, "நல்ல காரியமா, கெட்ட காரியமாம்மா?" என்று கேட்டார்.

"அது தெரியாமத்தான் போறேன்" என்றேன். அவர் அளந்ததற்கு மேலேயே கொஞ்சம் விட்டு வெட்டித் தந்தார்.

பஸ்ஸில் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பண்டாரவளை தாண்டும்வரை அந்த ஆராய்ச்சிக்காரர்களை எப்படியெல்லாம் திட்டுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். உங்கள் வாயிலிருந்து கற்றுக்கொண்ட வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. அப்புத்தளைக் குளிர் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தபோது கோபம் கொஞ்சம் தணிந்து, நாம் முதல்முதல் கோட்டைக்கு ஏறிய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

அப்போது நான் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கொழுந்துக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற வேலைதான். ஆனாலும் பள்ளிக்கூடம் முடித்தவள் என்று எனக்கு ஒரு தலைக்கனம். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "வா புள்ள, அந்தக் கல்லுச் செவத்தப் பாத்துட்டு வருவோம், லயத்துல இருந்தா உங்கம்மா வேல வைப்பாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள்.

மானாப்புல் கையைக் கிழித்தது. உச்சியில் இடிந்த சுவர்கள். பெரிய பெரிய கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கியிருந்தார்கள். தெற்கே பார்த்தால் மலை அப்படியே இறங்கி, பள்ளத்தில் நாடே விரிந்து கிடந்தது. தூரத்தில் ஒரு தண்ணீர் மினுங்கியது. நீங்கள் அதைக் கடல் என்றீர்கள். நான் குளம் என்றேன். "கடல்னு சொன்னாக் கடல்தான், நீ பொறந்ததுலருந்து மலையத் தவிர எதப் பாத்த?" என்று என் வாயை அடைத்தீர்கள். நீங்கள் மட்டும் எதைப் பார்த்தீர்களாம்!

நான் படித்ததைக் காட்டவேண்டுமே. இது ராஜா காலத்துக் கோட்டை, கீழேயிருந்து படை வந்தால் இங்கிருந்தே பார்த்துவிடுவார்கள், பறங்கியர்கூட இந்த வழியாகத்தான் ஊவாவுக்கு ஏறினார்களாம் என்று அளந்துவிட்டேன். நீங்கள் சுவரில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஆட்டிக்கொண்டே கேட்டீர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் போட்டீர்கள்.

"அதெல்லாம் சரி. இந்த உச்சிக்குத் தண்ணி யாரு தூக்கினா?"

"ராஜாவோட..." என்று இழுத்தேன்.

"ராஜாவா தூக்கியிருப்பான்? எவளோ ஒருத்தி கொடத்தோட ஏறியிருப்பா. அவளுக்கும் வீட்டுல ஒரு மாமியா இருந்திருப்பா, ஏன்டி லேட்டுன்னு கேக்க."

அன்றைக்கு விடியற்காலையில்கூட நீங்கள் பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தீர்கள். மூங்கில் குழாயில் விழுகிற அந்த ஊற்றுத் தண்ணீரைப் பிடிக்க இருட்டிலேயே வரிசை கட்டவேண்டும். பிடித்து ஊற்றிவிட்டு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓடி, கங்காணியிடம் பேர் கொடுத்து, மலைக்கு ஏறவேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் பெரட்டு இல்லையே தவிர, தண்ணீர் உண்டு. எனக்கு அது உறைக்கவில்லை. நான் ராஜாவைப் பற்றியே யோசித்துக்கொண்டு இறங்கினேன்.

இறங்குவதற்கு முன்னால் முனியோடு சண்டை வேறு போட்டீர்கள். கோட்டைச் சுவரில் இருக்கிற மாடத்தில் விளக்கு வைத்து, பக்கத்தில் சூலம் நட்டு, நம் ஆட்கள் கோட்டை முனி என்று கும்பிடுவார்களே, அவரிடம்தான். "ஏ முனி, ஒனக்கு இவ்வளவு பெரிய கோட்ட எதுக்கு? ஒரு மழைய நிறுத்த முடியல!" நான் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரகல சந்தியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, தோட்டத்து மேல் பிரிவான மேற்கணக்கு லயத்துக்குப் போனால், அண்ணன் வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். கம்பைத் தூக்கி மேட்டைக் காட்டினார். உச்சியைச் சுற்றிச் சிவப்பு. அதற்குக் கீழே, உங்கள் இடத்திலும் சிவப்பு. தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறினேன் அண்ணி. என் வயதுக்கு அந்த ஏற்றம் லேசுப்பட்டதில்லை. மூச்சு வாங்கியதைவிடக் கோபம் அதிகமாக வாங்கியது. உங்களைத் தாண்டிப் போகும்போது நின்று பார்க்கவும் தைரியம் இல்லை. குச்சிகள் நட்டிருந்தன, சிவப்புத் துணி படபடவென்று அடித்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.

உச்சியில் நாலைந்து பேர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"யாருங்க இங்க பெரியவங்க?" என்று கத்தினேன்.

தொப்பி போட்ட ஒரு பெண் திரும்பினாள். நாற்பது வயது இருக்கும். "நான்தான் அம்மா. சொல்லுங்கோ, என்ன விஷயம்?" என்றாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"எங்க அண்ணிய எப்ப தோண்டப் போறீங்க?"

"ஆரை?"

"அண்ணிய! எங்க அண்ணன் சம்சாரத்த! நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம், நானே எடுத்துட்டுப் போறேன். பாருங்க, துணிகூட வாங்கிட்டு வந்துட்டேன். கடப்பாரைய மட்டும் போட்றாதீங்க, புண்ணியமாப் போகும்!" பையிலிருந்து துணியை உருவி அவள் முகத்துக்கு முன்னால் உதறினேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த திட்டு ஒன்றுகூட வரவில்லை.

அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொப்பியைக் கழற்றினாள். "அம்மா, முதல்ல இதில இருங்கோ."

"நான் உக்கார வரலை மிஸ்."

"சரி, அப்ப எந்த இடம் எண்டு காட்டுங்கோ. வாங்கோ, போவம்."

இரண்டு பேரும் சரிவில் இறங்கினோம். உங்கள் தலைமாட்டில் வந்து நின்றோம். அவள் குனிந்து ஒரு குச்சியைத் தொட்டாள். அடுத்த குச்சியையும் தொட்டாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"இது எங்கட இல்லை அம்மா."

"என்னது?"

"எங்கட முளையில நம்பர் எழுதிக் கிடக்கும். கட்டியிருக்கிறது பிளாஸ்டிக் ரிபன். இது சீலைத் துணி. இஞ்ச பாருங்கோ, குங்குமமும் வச்சுக் கிடக்கு. எங்கட வேலை மேல மட்டும்தான். இந்தப் பக்கம் நாங்கள் மண்வெட்டியே கொண்டு வரமாட்டம். பயப்பிடாதேங்கோ."

அப்போதுதான் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். குச்சிகள் எல்லாம் சவுக்குக் கிளைகள், தோலோடு. கட்டியிருந்தது சேலைக் கிழிசல். ஒன்றில் ஜரிகைக் கரை. ஒன்றில் கண்ணாடி வளையல் மாட்டியிருந்தது. உங்கள் காலடியில் பாதி வாடின எலுமிச்சம்பழம் ஒன்று. உங்கள் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இறங்கி வந்தபிறகு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டமாதிரி இருந்தது.

என் அழுகைச் சத்தம் கேட்டுக் கீழ் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ராசம்மா கூடையோடு ஓடி வந்தாள். உங்கள் கூட்டாளி ராசம்மாதான், பக்கத்துத் தேயிலை நிரையில் நின்று உங்களோடு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கதை பேசுவாளே, அவளேதான்.

"இதெல்லாம் யாரு கட்டினா?" என்று கேட்டேன்.

"நாங்கதான். ஏன்?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

நடந்தது இதுதான். ஒரு நாள் வேன் வந்தது. அதில் வந்தவர்கள் உச்சிக்கு ஏறி, முனிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, சிவப்பாகக் கட்டிவிட்டுப் போனார்கள். நம் பெண்கள் கீழேயிருந்து பார்த்திருக்கிறார்கள். நேர்த்திக்கடன் என்றே நினைத்துவிட்டார்கள்!

"வேன் புடிச்சு வந்து நேந்துக்கிட்டுப் போறாங்கன்னா சும்மாவா? நம்ம முனிக்கு அவ்வளவு சக்தி வந்துருச்சு போலன்னு நாங்களும் போய்க் கட்டினோம். ஆளுக்கொரு எலுமிச்சம்பழமும் குத்தினோம்."

அதைக் கேட்டதும் அந்த மிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ கடவுளே! அதுதானோ எங்கட முளையெல்லாம் தேசிக்காய் குத்திக் கிடந்தது? ஆரோ செய்வினை செய்து போட்டினம் எண்டு எங்கட பொடியள் ரெண்டு நாளா மேல ஏற மாட்டம் எண்டு நிண்டவங்கள்!"

அவள் சிரிக்க, நான் சிரிக்க, ராசம்மா எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"முனிக்குக் கட்டினீங்க, சரி. இங்க எதுக்குக் கட்டினீங்க?"

ராசம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூடைக் கயிற்றைச் சரிசெய்தாள். "முனிகிட்ட இப்ப ஏகப்பட்ட பேரு. யாரு சொன்னது அவரு காதுல விழும்? என் மருமக மாசமா இருக்கா. இங்க படுத்திருக்கிற அக்கான்னா ஒரு சொல்லுல கேக்கும். அன்னிக்குப் புள்ளத்தாச்சிக்கு லொறி குடுக்க மாட்டேன்னப்ப தொர ஜீப்புக்கு முன்னால போய் நின்னது முனியா? அக்காதான? அதான் நான் வந்து கட்டினேன். பெறகு மத்தவளுகளும் வந்து கட்டிட்டாளுக."

அண்ணி, உங்களைக் கடப்பாரை படாமல் காப்பாற்றவேண்டும் என்று நான் ஓடி வந்தால், நீங்கள் இங்கே முனிக்கே போட்டியாகக் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறீர்கள்! வாழ்நாளெல்லாம் அவரோடு மல்லுக்கு நின்றதற்கு இதுதான் பலன் போலிருக்கிறது. சிரிப்பு வந்தது. உங்களை நாங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணியிருந்தேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கீழே வாசலில் அவர் நிற்பது சின்னதாகத் தெரிந்தது.

"அண்ணே, அவங்க எங்கயும் போகல. அங்கயேதான் இருப்பாங்க."

"அப்ப சோறு ஆக்கச் சொல்றேன், மெதுவா எறங்கி வா. வானம் கறுத்துக்கிட்டு வருது" என்றார். மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், இனிமேல் பயமில்லை.

அந்த மிஸ் நல்ல மனுஷி. இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டீர்கள், கோட்டையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூட்டிக்கொண்டு போனாள். வாசல் நேராக இல்லாமல் வளைந்து போவதைக் காட்டினாள். ஓடி வருகிற படை அங்கே திரும்புவதற்குள் மேலேயிருந்து கல்லை உருட்டிவிடுவார்களாம். யார் கட்டியது என்று கேட்டேன். "ராசா காலம் எண்டு சொல்லினம். பிறகு பறங்கியர் வந்து இருந்தவங்கள் எண்டும் சொல்லினம். தோண்டிப் பாத்தாத்தான் தெரியும், அப்பவும் முழுக்கத் தெரியுமோ தெரியாது" என்றாள். தெரியாததைத் தெரியாது என்றது எனக்குப் பிடித்திருந்தது. முனியையும் அசைக்கமாட்டார்களாம். சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் பூசவேண்டாம் என்றாள். ராசம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தெற்கே அந்தத் தண்ணீர் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. கேட்டேன். குளம்தானாம். ஆனால் அதற்கும் அப்பால், வானத்தோடு ஒட்டினமாதிரி மங்கலாக ஒரு கோடு தெரிகிறதே, அது கடலாம். அதனால் உங்களுக்குத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். வெற்றி என்றும் சொல்லமாட்டேன்.

பிறகு உங்கள் கேள்வியைக் கேட்டேன். "மிஸ், இந்த உச்சிக்குத் தண்ணி யாரு தூக்கினா?"

அவள் என்னைச் சுவரின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், காலால் புல்லை விலக்கிக் காட்டினாள். பாறையில் வெட்டிய படி. அதற்குக் கீழே இன்னொன்று. புல்லுக்குள் மறைந்து மறைந்து அந்தப் படிகள் சரிவில் இறங்குகின்றன அண்ணி. உங்கள் தலைமாட்டுக்குப் பக்கமாகப் போய், அப்படியே நம் பீலியில் முடிகின்றன. நாம் இத்தனை வருடம் அந்தப் புல்லை மிதித்து ஏறியிருக்கிறோம், ஒருத்தரும் பார்க்கவில்லை.

"ஆர் தூக்கினது எண்டு ஒரு கல்லிலயும் எழுதி இல்லை அம்மா. ஆனா இந்தப் படியைத் தொட்டுப் பாருங்கோ. நடுவில தேஞ்சு கிடக்கு. கனபேர் ஏறி இறங்கியிருக்கினம்."

தொட்டுப் பார்த்தேன். நடுவில் வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது. உங்கள் குதிகால் அதில் சரியாகப் பொருந்தும் என்று தோன்றியது. உங்களுக்கு இதைக் காட்டாமல் போய்விட்டோமே என்று நினைத்தேன். அப்புறம், அந்தப் படியோரத்திலேயேதானே படுத்திருக்கிறீர்கள், நான் காட்டி என்ன ஆகவேண்டும் என்றும் நினைத்தேன்.

அளக்கிற பையன்கள் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று போத்தலைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யார் கீழே போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, "இருங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் படி வழியே இறங்கினேன். பீலிக்குப் பக்கத்து லயத்தில் ஒரு குடம் வாங்கி நிறைத்தேன். தலையில் வைக்கச் சும்மாடு வேண்டுமே. பையில் அந்த வெள்ளைத் துணி இருந்தது. உங்கள் எலும்பைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்கு வாங்கிய துணி. அதைச் சுருட்டி வட்டமாக்கித் தலையில் வைத்தேன். ராசம்மா குடத்தைத் தூக்கிவிட்டாள்.

உங்கள் பக்கத்தில் வந்தபோது கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினேன். ஒரு சொட்டுக்கூட உங்கள்மேல் சிந்தவில்லை. ஈரம் உங்களுக்கு ஆகாது. சிந்தின தண்ணீரெல்லாம் குடத்தடி மண்ணோடு என் தலைத் துணியில்தான் ஊறியது, அந்தக் கறைதான் இன்றைக்கும் போகவில்லை. மேலே போய்க் குடத்தை இறக்கினேன். அந்தப் பையன்கள் கையை ஏந்தி ஏந்திக் குடித்தார்கள். மிஸ்ஸும் குடித்தாள்.

அவர்கள் அறிக்கையில் இதையெல்லாம் எழுதமாட்டார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அன்றைக்குக் கோட்டைக்குத் தண்ணீர் தூக்கினது நான்தான், அண்ணி.